435 குதிரை, மாசம் எவ்வளவு? செகண்ட் ஹேண்ட் மசில் கார் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு சத்தமான ஒரு விஷயம். மஸ்டாங், கமேரோ, சேலஞ்சர். இந்த மூணையும் செகண்ட் ஹேண்ட்ல வாங்குறது பத்தித்தான் பேசப்போறோம். இது முழுக்க அமெரிக்கச் சந்தையோட கதை. அங்க படிக்கிற, வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க முதல் கார் வாங்கும்போது இந்த ஆசை கண்டிப்பா ஒரு தடவை எட்டிப் பார்க்கும். சென்னையில இருந்து கேட்கிறவங்களுக்கும் கடைசியில கொஞ்சம் வச்சிருக்கேன்.

ஆசைப்படுறதுல தப்பே இல்லை, ஏன்னா கணக்கு அப்படி. 2015 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-யில 5.0 லிட்டர் வி8 இன்ஜின், 435 எச்.பி. அதே வருஷ நாலு சிலிண்டர் டொயோட்டா கேம்ரியில 178 எச்.பி. நம்ம ஊர் ஸ்விஃப்ட்ல 80, 90. புது மஸ்டாங் ஜிடி இப்போ 40,000 டாலருக்கு மேல. பழைய 2015, 2016 மாடல் கிட்டத்தட்ட பாதி விலைக்கே கிடைக்குது. கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் இவ்வளவு பவர் தர்ற கார் வேற வகையில ரொம்பக் கம்மி.

சரி, அப்போ எங்க சிக்கல்? பவர் மலிவா கிடைக்குது, அதை வீட்டுல வச்சுக்கிறது மலிவில்லை. இதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, எதைச் சொல்றோம்?

மசில் கார்னா எளிமையா சொல்லணும்னா, சாதாரண விலையில வர்ற அமெரிக்க ரெண்டு கதவு கார், அதுக்குள்ள பெரிய வி8 இன்ஜின், பின் சக்கரத்துக்குப் போற சக்தி. 1964-ல பான்டியாக் ஜிடிஓ வந்தப்ப சூடு பிடிச்ச விஷயம் இது. அதே வருஷம் ஏப்ரல்ல மஸ்டாங் வந்துச்சு. எழுபதுகள்ல புகைக் கட்டுப்பாடு விதிகள், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து இந்த வகையைப் படுக்க வச்சுச்சு. அதுக்கும் முன்னாடியே இளைஞர்களை இந்தக் கார்கள்ல இருந்து விரட்டினது இன்னொண்ணு: இன்ஷூரன்ஸ் பிரீமியம். அதை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

நாம பேசுறது இதோட ரெண்டாவது பிறவி. 2008-ல டாட்ஜ் சேலஞ்சர் திரும்பி வந்துச்சு, 2010 மாடல்ல ஷெவர்லே கமேரோ. 2011 மாடல்ல மஸ்டாங் ஜிடி-க்கு "கொயோட்டி"னு கூப்பிடுற புது 5.0 லிட்டர் இன்ஜின் கிடைச்சுது, அப்போ 412 எச்.பி. 2015 மாடல்ல டாட்ஜ் 707 எச்.பி. ஹெல்கேட்டை இறக்கி எல்லாரையும் வாயைப் பிளக்க வச்சாங்க. பழைய காலத்துக் கார்களுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், இதுல ஏசி குளிரும், பிரேக் பிடிக்கும், ஏர்பேக் இருக்கும். 2012 மாடல்ல இருந்து சறுக்கலைத் தடுக்கிற எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அமெரிக்காவுல கட்டாயம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போகலாம்.

இந்தப் பிறவியும் முடிஞ்சுக்கிட்டே வருது. கமேரோவும் பழைய சேலஞ்சரும் 2023 கடைசியில தயாரிப்புல இருந்து விலகிடுச்சு. வி8 மஸ்டாங் மட்டும் புதுசா வந்துக்கிட்டு இருக்கு. அதனால "இப்போ வாங்கலைன்னா எப்பவுமே கிடைக்காது"ன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க. லட்சக்கணக்குல ஓடிக்கிட்டிருக்கிற கார்கள் இவை. நல்ல கார் அடுத்த மாசமும் வரும்.

மூணுல எது?

மஸ்டாங் ஜிடி, 2015-ல இருந்து 2017 வரைக்கும் உள்ள மாடல். பெரும்பாலானவங்களுக்கு என் சிபாரிசு இதுதான். 2015 வரைக்கும் மஸ்டாங்ல பின் சக்கரம் ரெண்டையும் ஒரே இரும்பு அச்சு கோர்த்திருந்துச்சு, மாட்டு வண்டி மாதிரி. ஒரு பக்கம் பள்ளத்துல இறங்கினா இன்னொரு பக்கமும் ஆடும். 2015-ல ரெண்டு சக்கரமும் தனித்தனியா மேலே கீழே போற சஸ்பென்ஷன் வந்துச்சு, வளைவுல கார் அமைதியாயிடுச்சு. இன்ஜின் உறுதியானதுன்னு பேர் வாங்கினது. குறைன்னு சொன்னா மேனுவல் கியர் பாக்ஸ். குளிர்ல ரெண்டாவது கியர் விழ அடம் பிடிக்கிறது பல பேர் சொல்ற புகார். 2018-ல எச்.பி. 460 ஆச்சு, பத்து கியர் ஆட்டோமேட்டிக் வந்துச்சு. விலையும் ஏறும்.

கமேரோ எஸ்எஸ், 2016-ல இருந்து. 6.2 லிட்டர், 455 எச்.பி. ஓட்டுறதுக்கு மூணுலயும் கூர்மையானது இதுதான். உள்ள உட்கார்ந்தா பதுங்கு குழியில இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஜன்னல் அவ்வளவு சின்னது. டிக்கி வாய் சின்னது, பெரிய சூட்கேஸ் ஏறாது. 2016-ல இருந்து 2018 வரைக்கும் வந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக்ல, மிதமான வேகத்துல ரோட்டோர அதிர்வுப் பட்டை மேல ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வர்றது தெரிஞ்ச பிரச்சினை. பல கார்கள்ல கியர் ஆயிலை முழுசா புது வகைக்கு மாத்தினாலே சரியாகும். அதைச் செஞ்ச பில் இருக்கான்னு கேளுங்க.

சேலஞ்சர். ஆர்/டி-ன்னா 5.7 லிட்டர், 370 எச்.பி. சொச்சம். ஸ்காட் பேக்னா 6.4 லிட்டர், 485 எச்.பி. எடை 1,900 கிலோ பக்கம், அதனால வளைவுல துள்ளாது. ஆனா பின் சீட்டுல நிஜமாவே ரெண்டு பெரியவங்க உட்காரலாம், நெடுஞ்சாலையில சோஃபா மாதிரி போகும். நாலு கதவு வேணும்னா இதோட அண்ணன் தம்பி, டாட்ஜ் சார்ஜர் இருக்கு. இந்த ஹெமி இன்ஜின்ல கவனிக்க வேண்டியது "டிக் டிக்" சத்தம். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வந்து, சூடானதும் போயிடுச்சுன்னா பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைஞ்சிருக்கும். எரிச்சல்தான், ஆனா சமாளிக்கலாம். சூடான பிறகும் அடிச்சுக்கிட்டே இருந்தா, உள்ள வால்வைத் தள்ளுற லிஃப்டர் தேய்ஞ்சு கேம்ஷாஃப்டைக் கடிச்சுக்கிட்டிருக்கலாம். அது ஆயிரக்கணக்கான டாலர் வேலை.

வி6 இல்லன்னா நாலு சிலிண்டர் டர்போ மஸ்டாங்கைக் கேவலமா பேசுவாங்க. கண்டுக்காதீங்க. 2015-ல வந்த 2.3 லிட்டர் டர்போவுல 310 எச்.பி. இருக்கு. அதுவே சாதாரண சாலைக்கு அதிகம். அந்த முகம், அந்த நீள பானட், பெட்ரோல் செலவு கம்மி.

வாங்க, கணக்கு போடுவோம்

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். இதுல வர்ற தொகைகள் நானா வச்சது, உங்க ஊர், உங்க வயசுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. முறைதான் முக்கியம்.

கார் 22,000 டாலர். கையில இருந்து 4,000. பாக்கி 18,000 கடன், 9 சதவீத வட்டி, 60 மாசம். மாசத் தவணை 374 டாலர். கேட்கவே நல்லா இருக்கு, இல்லையா? பல பேர் இந்த இடத்துலயே கணக்கை மூடிட்டுக் கையெழுத்து போட்டுடுறாங்க.

இப்போ பெட்ரோல். மாசம் 1,000 மைல் ஓடுறீங்க. 2015 மஸ்டாங் ஜிடி மேனுவலுக்கு அரசு கொடுத்த மைலேஜ் நகரத்துல காலனுக்கு 15 மைல், நெடுஞ்சாலையில 25. நம்ம கணக்குல லிட்டருக்கு ஆறரையும் பத்தரையும் கிலோமீட்டர். கலந்து 18-னு வச்சா 56 காலன். பிரீமியம் பெட்ரோல் 4 டாலர்னா 220 டாலர் தாண்டும். 30 மைல் கொடுக்கிற சாதாரண கார்ல இது பாதிதான் வரும்.

டயர். பின் சக்கரத்துல அகலமான டயர், அதை உரசித் தேய்க்க 435 எச்.பி. ஒரு செட் 1,100 டாலர், 20,000 மைல் வரும்னு வச்சா மாசம் 55. ரிப்பேருக்குன்னு மாசம் 100 தனியா எடுத்து வைங்க. இது வாரண்டி முடிஞ்ச கார்.

கடைசியா இன்ஷூரன்ஸ். மாசம் 250-னு வைப்போம். 25 வயசுக்குக் கீழ இருந்தா, அமெரிக்காவுல ஓட்டின வரலாறு இல்லன்னா, இதைவிட நிறையவே வரலாம்.

கூட்டுங்க: 374, 222, 55, 100, 250. மொத்தம் 1,001 டாலர். தவணை இதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் மேல. காரோட விலையை மட்டும் பார்த்து முடிவு பண்றவங்க மீதி ரெண்டு பங்கைப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.

"அப்போ தவணையை 72 மாசம் ஆக்கிடலாம்"னு டீலர் சொல்லுவார். தவணை 325-க்கு இறங்கும். ஆனா மொத்த வட்டி 4,400-ல இருந்து 5,300 தாண்டிப் போயிடும். அதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. காரோட மதிப்பு இறங்குற வேகத்துக்குக் கடன் இறங்காது. நடுவுல கார் திருடு போச்சு, இல்ல மோதி நொறுங்கிடுச்சுன்னு வைங்க. இன்ஷூரன்ஸ் அன்னைக்கு மதிப்பான 14,000 கொடுக்கும், பேங்க் 16,000 கேட்கும். காரே இல்லாம 2,000 டாலர் நீங்க கட்டணும். புதுசா அமெரிக்கா போனவங்களுக்குக் கிரெடிட் வரலாறு இருக்காது, அதனால வட்டி 9-ஐயும் தாண்டும். அந்த நிலைமையில இருந்தா ரெண்டு வருஷம் பொறுத்து, கிரெடிட்டை ஏத்திட்டு வாங்குங்க. கார் ஓடிப் போகாது.

இன்ஷூரன்ஸ் முதல்ல, டெஸ்ட் டிரைவ் அப்புறம்

பெரும்பாலானவங்க காரைப் பார்த்து, ஓட்டி, மனசைப் பறிகொடுத்து, அப்புறம் இன்ஷூரன்ஸ் கேட்பாங்க. வரிசையை மாத்துங்க. விளம்பரத்துல இருக்கிற வின் நம்பரை, அதாவது காரோட 17 எழுத்து அடையாள எண்ணை, வாங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்கிட்ட விலை கேளுங்க. அரை மணி நேர வேலை. ஒரே வருஷ ஜிடி-க்கும் டர்போவுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அப்பவே தெரிஞ்சுடும்.

திருட்டும் இதுல சேரும். அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் இழப்புகளைக் கணக்கெடுக்கிற எச்எல்டிஐ அமைப்பு 2023-ல வெளியிட்ட திருட்டுப் பட்டியல்ல முதலிடம் டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட்டுக்கு. அப்பார்ட்மெண்ட் வாசல்ல, திறந்த வெளியில நிறுத்துறவங்க அதிக பவர் உள்ள மாடலுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

காரைப் பார்க்கப் போகும்போது

இந்த வகைக் கார்ல மாடலைவிட முக்கியம் முன்னாடி வச்சிருந்த ஆள். ஒரே வருஷம், ஒரே நிறம், ஒரே மைலேஜ்ல ரெண்டு மஸ்டாங் நிக்கும். ஒண்ணை ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டியிருப்பார். இன்னொண்ணு ராத்திரி பார்க்கிங் லாட்டுல புகையைக் கிளப்பி வட்டம் அடிச்சிருக்கும். கார்கிட்ட கேட்டா அதுவே சொல்லிடும்.

டயரைப் பாருங்க. பின்னாடி ரெண்டும் புத்தம் புது மலிவு பிராண்ட், முன்னாடி பழைய நல்ல பிராண்டுன்னா, பின் டயரைக் கொளுத்தி விளையாடியிருக்க வாய்ப்பு உண்டு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3521-னா 2021-ஆம் வருஷம் 35-வது வாரம் செஞ்சது. பின் சக்கரத்துக்கு மேல உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க, உருகி ஒட்டின ரப்பர் துணுக்கு கிடைச்சா கதை முடிஞ்சுது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்க. "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, எந்தச் சத்தத்தையோ உங்ககிட்ட இருந்து மறைக்கிறாங்களோன்னு சந்தேகப்படலாம்.

மாத்தி அமைச்ச கார் வேண்டாம். வேற எக்ஸாஸ்ட், வேற ஏர் இன்டேக், கம்ப்யூட்டர் டியூன், சூப்பர்சார்ஜர்னு பட்டியல் நீளமா இருந்தா "இவ்வளவு செலவு பண்ணியிருக்காரே"ன்னு தோணும். எவ்வளவு அழுத்தம் கொடுத்து ஓட்டியிருப்பார்னு யோசிங்க. கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கிற கார் போரடிக்கும், அதுதான் நமக்கு வேணும்.

பேப்பர்ல, டைட்டில் "க்ளீன்"னு இருக்கணும். டைட்டில்னா நம்ம ஊர் ஆர்சி மாதிரி, உரிமைப் பத்திரம். "சால்வேஜ்", "ரீபில்ட்"னு இருந்தா ஒரு தடவை முழு நஷ்டம்னு கைவிடப்பட்ட கார். விலை கம்மியா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். அப்புறம் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ வெப்சைட்ல வின் நம்பரைப் போட்டா, சரிசெய்யாத ரீகால் இருக்கான்னு இலவசமா காட்டும். 2014-க்கு முந்தைய மஸ்டாங், சேலஞ்சர் பல கார்கள்ல டகாட்டா ஏர்பேக் இருந்துச்சு. வெடிக்கும்போது உலோகத் துண்டு சிதறி உயிரையே எடுத்த ஏர்பேக் அது. டீலர்கிட்ட இலவசமா மாத்தித் தருவாங்க. மாத்தியாச்சான்னு பார்க்காம ஓட்டவே ஓட்டாதீங்க.

கடைசியா, விக்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க. 150, 200 டாலர் ஆகலாம். விக்கிறவர் இதுக்கு ஒத்துக்கலைன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

வாங்கியாச்சு, எப்படி ரசிக்கிறது?

முதல் ரசனை சத்தம். இந்த வி8-ல நாலு நாலு சிலிண்டரா ரெண்டு வரிசை. மொத்தமா பார்த்தா சீரா வெடிக்கும், ஆனா ஒவ்வொரு வரிசையிலும் வெடிப்பு சம இடைவெளியில வராது. ஒரு பக்கம் ரெண்டு சேர்ந்து வரும், அப்புறம் ஒரு இடைவெளி. அந்த ஒழுங்கில்லாத தாளம்தான் சைலன்சர் வழியா அந்த "குடுகுடு" உறுமலா வெளிய வருது. இதைக் கேட்க நூறு மைல் வேகம் தேவையில்லை. ரெண்டாவது கியர்ல முப்பது மைல்லயே கேட்கும்.

வேகமா போகணும்னா அதுக்கு இடம் இருக்கு. எஸ்சிசிஏ மாதிரி கிளப்கள் வார இறுதியில காலி மைதானத்துல கூம்பு வச்சு ஆட்டோகிராஸ் நடத்துறாங்க. பொதுவா கட்டணம் 100 டாலருக்குள்ள இருக்கும். வேகம் ரொம்ப ஏறாது, ஆனா கார் சறுக்கும்போது என்ன ஆகும்னு கையும் காலும் கத்துக்கும். வழக்கமான இன்ஷூரன்ஸ் ரேஸ் டிராக்கை ஏத்துக்காம போகலாம், பாலிசியைப் படிச்சிட்டுப் போங்க.

ரோட்டுல ஒரே ஒரு எச்சரிக்கை. கார் கூட்டம் முடிஞ்சு கிளம்பும்போது சீன் போட ஆக்சிலேட்டரை மிதிச்சு, பின்பக்கம் சுத்தி, கம்பத்துல போய் மோதுற மஸ்டாங் வீடியோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. காரணம் எளிமை: நிறைய பவர், பின் சக்கரம், குளிர்ந்த டயர், ஆஃப் பண்ண ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். அந்த பட்டனைத் தொடாதீங்க. கோடைக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழ பிளாஸ்டிக் மாதிரி இறுகிடும், பனி ஊர்ல இருந்தா குளிர்கால டயர் ஒரு செட் தனியா வாங்கணும். அதையும் கணக்குல சேருங்க.

சென்னையில இருந்து கேட்கிறவங்களுக்கு

கமேரோவும் சேலஞ்சரும் இடது பக்க ஸ்டீயரிங்ல மட்டும்தான் ஃபேக்டரியில இருந்து வந்துச்சு, நம்ம சாலைக்கு ஒத்து வராது. 2015 மஸ்டாங்தான் ஃபேக்டரியிலயே வலது ஸ்டீயரிங் வச்சு வந்த முதல் மஸ்டாங். அதனாலதான் 2016-ல இந்தியாவுக்கு வந்துச்சு, 5.0 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், 65 லட்சம் ரூபாய் ஷோரூம் விலை. இறக்குமதி வரி சேர்ந்த விலை அது. "டாலருக்கு இவ்வளவு பவர்"ங்கிற கணக்கு இங்க உடைஞ்சுடுது. 2021-ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சாங்க. அதனால இங்க பழைய மஸ்டாங் பார்த்தா, பாகம் எங்க கிடைக்கும், யார் வேலை பார்ப்பாங்கன்னு முதல்ல விசாரிச்சிட்டு அப்புறம் விலை பேசுங்க.

முடிவா

வாங்கலாமா? என் அளவுகோல் இது. மேல போட்ட மாதிரி முழு மாசக் கணக்கைப் போடுங்க. அந்தத் தொகையை, கார் வாங்குறதுக்கு முன்னாடியே, மூணு மாசம் தனி அக்கவுண்ட்ல போட்டுப் பாருங்க. வாடகை, ஊருக்கு அனுப்புற பணம், சாப்பாடு எதையும் வெட்டாம முடிஞ்சா வாங்குங்க, சந்தோஷமா ஓட்டுங்க. கையில 3,000 டாலரும் சேர்ந்திருக்கும், முதல் ரிப்பேருக்கு ஆகும். ரெண்டாவது மாசமே அதுல இருந்து எடுக்க வேண்டி வந்துச்சுன்னா, இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். அப்போ டர்போ மஸ்டாங்கை வச்சு அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்க, பல பேருக்கு அது சரியா வரும்.

உங்க கார் கணக்கு எப்படி வருதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டுமா!